சென் நதி முதல் கொல்லிமலை ஐயாறு வரை: ஒலிம்பிக்கின் முதல் மல்லாந்த நீச்சல் பந்தயத்தில் ஜெயித்தது வீரரா, ஆறா?

1900 ஆகஸ்ட் மாதம். பாரிஸை ஒட்டி ஓடும் சென் நதி. தண்ணீரில் மல்லாந்து படுத்து, வானத்தைப் பார்த்தபடியே 200 மீட்டர் நீந்த வேண்டும். நீச்சல் குளம் கிடையாது. ஒருவர் பாதையை இன்னொருவர் பாதையிலிருந்து பிரிக்கும் மிதவைக் கயிறு கிடையாது. முடியும் இடம் எவ்வளவு தூரத்தில் இருக்கிறது என்று நீந்துபவருக்குக் காட்ட தலைக்கு மேலே ஒரு கொடி கூட கிடையாது.

அந்தப் பந்தயத்தில் ஜெர்மனியின் பிரெமன் நகரைச் சேர்ந்த 22 வயது இளைஞர் எர்ன்ஸ்ட் ஹோப்பன்பெர்க் 2 நிமிடம் 47 விநாடியில் முதலாவதாக வந்தார். ஒலிம்பிக் வரலாற்றில் பேக்ஸ்ட்ரோக் பிரிவின் முதல் சாம்பியன் அவர்தான்.

இதுவரைக்கும் சிக்கல் இல்லை. ஆனால் அந்த 2:47 என்ற எண்ணை எடுத்து, அதற்குப் பிறகு வந்த வீரர்களின் நேரத்தோடு பக்கத்தில் வைத்துப் பார்த்தால் கணக்கு இடிக்கிறது. ஏன் இடிக்கிறது என்பதைப் புரிந்துகொள்ள பாரிஸ் வரை போக வேண்டியதில்லை. நாமக்கல் மாவட்டம் கொல்லிமலையில், மழைக்காலத்தில் ஐயாறு ஓடுவதைப் பார்த்தவர்களுக்கு விஷயம் சட்டென்று பிடிபட்டுவிடும்.

முதலில், அந்தப் போட்டி எப்படி நடந்தது?

1896-ல் ஏதென்ஸில் நடந்த முதல் நவீன ஒலிம்பிக்கில் நீச்சல் உண்டு. ஆனால் கடலில். பிரேயஸ் துறைமுகத்தை ஒட்டிய சியா விரிகுடாவில், குளிர்ந்த தண்ணீரில் நீந்தினார்கள். ஹங்கேரியின் ஆல்ஃபிரெட் ஹாயோஷ் குளிருக்குப் பயந்து உடம்பெல்லாம் கொழுப்பைப் பூசிக்கொண்டு இறங்கி இரண்டு பந்தயங்களில் ஜெயித்தார். அங்கே யார் எந்த முறையில் வேண்டுமானாலும் நீந்தலாம். மல்லாந்த நீச்சலுக்கு என்று தனிப் பந்தயம் வைக்கவில்லை.

நான்கு வருடம் கழித்து பாரிஸில்தான் அந்தக் கதவு திறந்தது. 1900 பாரிஸ் ஒலிம்பிக், உலகப் பொருட்காட்சியின் ஒரு பகுதியாக மாதக்கணக்கில் நடந்த ஒன்று. பொருட்காட்சிக்கு வந்த கூட்டத்துக்கு இடையில் விளையாட்டும் ஒரு ஓரமாக நடந்தது என்றே சொல்லலாம். நீச்சல் போட்டிகளை நகரத்துக்கு வடமேற்கே, ஆனியேர் பகுதியில், சென் நதியிலேயே வைத்தார்கள்.

200 மீட்டர் பேக்ஸ்ட்ரோக்கில் 7 நாடுகளைச் சேர்ந்த 16 பேர் கலந்துகொண்டார்கள். இறுதிப் போட்டியில் ஹோப்பன்பெர்க் முதலிடம். ஆஸ்திரியாவின் கார்ல் ரூபெர்ல் 2:56.0 நேரத்தில் இரண்டாவது. நெதர்லாந்தின் யோஹானஸ் டிராஸ்ட் 3:01.0 நேரத்தில் மூன்றாவது. முதலாமவருக்கும் இரண்டாமவருக்கும் நடுவே 9 விநாடி. இன்றைக்கு நூறில் ஒரு பங்கு விநாடியில் பதக்கம் கைமாறுகிற விளையாட்டில், 9 விநாடி என்பது ஏறக்குறைய வேறு ஊர் தூரம்.

ஒரு விஷயம்: "தங்கம் வென்றார்" என்று எல்லா இடத்திலும் எழுதப்படுகிறது. பாரிஸில் பல பந்தயங்களில் தங்கம், வெள்ளி, வெண்கலம் என்ற வரிசையே இல்லை. கோப்பை, சிலை, கலைப்பொருள் என்று எதையாவது கொடுத்தார்கள். ஆஸ்திரேலியாவின் ஃபிரெடரிக் லேனுக்கு ஒரு கனமான வெண்கலக் குதிரைச் சிலை கிடைத்தது. முதல் மூன்று இடங்களுக்குத் தங்கம், வெள்ளி, வெண்கலம் என்று பட்டியல் போட்டது பின்னாளில்தான்.

அந்த லேன் ஜெயித்த பந்தயங்களில் ஒன்று இன்னும் வேடிக்கை. 200 மீட்டர் தடை நீச்சல். நடுவில் ஒரு கம்பத்தில் ஏறி இறங்கணும், வரிசையாகக் கட்டியிருக்கும் படகுகளைத் தாண்டணும், அடுத்த வரிசைப் படகுகளுக்கு அடியில் புகுந்து வரணும். தண்ணீருக்கு அடியிலேயே யார் அதிக தூரம், அதிக நேரம் போவது என்றும் ஒரு பந்தயம். அதில் பிரான்ஸின் சார்ல் தெ வாந்தவில் 60 மீட்டர் போய் முதலிடம். இரண்டுமே அதற்குப் பிறகு ஒலிம்பிக்கில் வரவில்லை. பேக்ஸ்ட்ரோக் மட்டும் தப்பித்தது.

அப்போ எப்படி நீந்தினார்கள்?

இன்றைக்கு டிவியில் பார்க்கும் பேக்ஸ்ட்ரோக்கில் கைகள் காற்றாடி போல மாறி மாறிச் சுழலும். கால்கள் மேலும் கீழுமாகப் படபடவென்று அடிக்கும். அந்தக் காலத்தில் பெரும்பாலும் அப்படி இல்லை. இரண்டு கைகளையும் ஒரே நேரத்தில் தலைக்கு மேலே கொண்டுபோய், ஒரே நேரத்தில் பக்கவாட்டில் இழுப்பார்கள். கால்களைத் தவளை மாதிரி மடக்கி உதைப்பார்கள். தவளை நீச்சலை அப்படியே திருப்பிப் போட்டது மாதிரி இருக்கும்.

கிராமத்துக் கிணற்றில் குதித்துக் களைத்த பிறகு, "கொஞ்சம் மல்லாக்க மிதந்துக்கறேன்" என்று கைகளை மெதுவாக விசிறிக்கொண்டு ஓரத்துக்கு வருவோமே, அதைக் கொஞ்சம் வேகப்படுத்தினால் 1900-ன் பந்தய நீச்சல்.

இந்த முறையில் ஒரு குறை உண்டு. ஒரு இழுப்புக்கும் அடுத்த இழுப்புக்கும் நடுவில் உடம்பு வேகத்தை இழக்கும். மறுபடி தள்ளணும், மறுபடி இழக்கும். மாறி மாறிக் கை வீசும்போது ஒரு கை ஓய்கிற நேரத்தில் இன்னொரு கை இழுத்துக்கொண்டிருக்கும், வேகம் அறுபடாது. 1912 ஸ்டாக்ஹோம் ஒலிம்பிக்கில் அமெரிக்காவின் ஹாரி ஹெப்னர் அப்படி மாற்றுக் கை வீசி 100 மீட்டர் பேக்ஸ்ட்ரோக்கை 1:21.2 நேரத்தில் ஜெயித்தார். அதற்கப்புறம் பழைய முறை பந்தயக் களத்தில் நிலைக்க முடியவில்லை.

சரி, நேரத்தில் என்ன சிக்கல்?

இப்போது அந்த இடிக்கிற கணக்குக்கு வருவோம்.

ஹோப்பன்பெர்க் 200 மீட்டரை 167 விநாடியில் முடித்தார். அதாவது சராசரியாக ஒவ்வொரு 100 மீட்டருக்கும் 83.5 விநாடி. எட்டு வருடம் தள்ளி 1908 லண்டன் ஒலிம்பிக்குக்குப் போவோம். அங்கே 100 மீட்டர் பேக்ஸ்ட்ரோக்கில் இன்னொரு ஜெர்மானியர், ஆர்னோ பீபர்ஸ்டைன், 1:24.6 நேரத்தில், அதாவது 84.6 விநாடியில் ஜெயித்தார்.

கவனியுங்கள். 100 மீட்டர் மட்டும் முழு மூச்சில் நீந்திய 1908 சாம்பியனை விட, 200 மீட்டரை நீந்திய 1900 சாம்பியன் ஒவ்வொரு நூறு மீட்டரிலும் வேகம். ஓட்டப் பந்தயத்தில் யோசித்துப் பாருங்கள்: 400 மீட்டர் ஓடுபவர் தன் ஒவ்வொரு இருநூறு மீட்டரையும் 200 மீட்டர் சாம்பியனை விட வேகமாக ஓடினால் நம்புவோமா?

சுவரில் உதைத்துத் திரும்புவதால் கிடைக்கும் வேகமும் இங்கே காரணமில்லை. 1908-ல் லண்டன் மைதானத்துக்கு உள்ளேயே 100 மீட்டர் நீளக் குளம் கட்டியிருந்தார்கள். 100 மீட்டர் பந்தயத்துக்குத் திரும்ப வேண்டிய அவசியமே இல்லை. வித்தியாசம் ஒன்றுதான். லண்டனில் தண்ணீர் நின்றது. பாரிஸில் தண்ணீர் ஓடியது. அதுவும் நீந்துபவர்கள் போன திசையிலேயே ஓடியது.

ஃப்ரீஸ்டைலிலும் இதே கதைதான். 1900-ல் சென் நதியில் லேன் 200 மீட்டரை 2:25.2 நேரத்தில் முடித்தார். 1904-ல் அமெரிக்காவின் செயின்ட் லூயிஸில், ஒரு செயற்கை ஏரியில், 220 கெஜப் பந்தயத்தில் ஜெயித்த சார்லஸ் டேனியல்ஸ் எடுத்துக்கொண்டது 2:44.2. அந்தத் தூரம் 200 மீட்டரை விட ஒரு மீட்டர் சொச்சம்தான் கூடுதல். ஆனால் நேரம் 19 விநாடி கூடுதல். டேனியல்ஸ் சாதாரண ஆளும் இல்லை. அந்தக் காலத்தின் தலைசிறந்த நீச்சல் வீரர்களில் ஒருவர்.

ஆறு எவ்வளவு உதவியிருக்கும்?

இங்கேதான் ஐயாறு வருகிறது. கொல்லிமலையில் ஊராட்சிகளை 'நாடு' என்று அழைப்பது வழக்கம். அதில் ஒன்று வளப்பூர் நாடு. அறப்பளீஸ்வரர் கோயிலும், அதையொட்டி ஆயிரத்துக்கும் மேற்பட்ட படி இறங்கிப் போய்ப் பார்க்கும் ஆகாய கங்கை அருவியும் இந்தப் பகுதியில்தான் இருக்கின்றன. அருவியாக விழுவது ஐயாறு. விழுந்த தண்ணீர் மலையிலிருந்து இறங்கி திருச்சி மாவட்டத்தின் புளியஞ்சோலைப் பக்கம் போய்ச் சேரும்.

இந்த ஓடையில் ஒரு காய்ந்த இலையைப் போடுங்கள். இலைக்கு நீச்சல் தெரியாது. ஆனாலும் அது கீழே உள்ள பாறைக்குப் போய்ச் சேரும். ஓடும் தண்ணீரில் இருக்கும் எல்லாவற்றுக்கும் இந்த இலவசப் பயணம் உண்டு. நீந்துபவர் கரையைப் பொறுத்து முன்னேறும் வேகம் = அவர் நீந்தும் வேகம் + தண்ணீர் ஓடும் வேகம்.

ஒரு உதாரணக் கணக்கு. நதி விநாடிக்கு 20 சென்டிமீட்டர் மட்டும் ஓடியது என்று வைத்துக்கொள்வோம். இது ரொம்ப மெதுவான ஓட்டம். ஒரு குழந்தை தவழும் வேகம் கூட இதற்கு மேல் இருக்கும். 167 விநாடியில் தண்ணீர் மட்டுமே ஒருவரை 33 மீட்டர் தூக்கிக்கொண்டு போயிருக்கும். அப்படியானால் அவர் தன் கை காலால் நீந்தியது 200 மீட்டர் அல்ல, ஏறக்குறைய 167 மீட்டர்தான். அதே வேகத்தில் அவர் நிற்கிற தண்ணீரில் 200 மீட்டர் நீந்தினால் சுமார் 3 நிமிடம் 20 விநாடி ஆகும். 2:47 எங்கே, 3:20 எங்கே!

ஆற்றில் ஓட்டம் எல்லா இடத்திலும் ஒரே மாதிரி இருப்பதும் இல்லை. கரையோரம் மண்ணும் கல்லும் உரசுவதால் தண்ணீர் தயங்கும். நடு ஆற்றில் வேகமாக ஓடும். கயிறு கட்டிப் பாதை பிரிக்காத பந்தயத்தில், யார் நடுவில் இருந்தார் யார் ஓரத்தில் இருந்தார் என்பதே ஒரு சாதகம். மல்லாந்து நீந்துபவருக்கு இது இன்னும் கஷ்டம். அவர் போகும் திசையை அவரால் பார்க்க முடியாது. வானத்தைப் பார்த்துக்கொண்டே நேர்கோட்டில் போகணும்.

அப்போ அந்த வெற்றி செல்லாதா?

செல்லும். இங்கே ஒரு நுணுக்கம் உண்டு. நேரம் வேறு, இடம் வேறு. ஒரே நாளில், ஒரே ஆற்றில், ஒரே ஓட்டத்தில் எல்லோரும் இறங்கினார்கள். தண்ணீர் எல்லோரையும் தள்ளியது. அந்தத் தள்ளலுக்கு மேல் யார் வேகமாக நீந்தினார் என்பதில் ஹோப்பன்பெர்க் 9 விநாடி முன்னால் இருந்தார். இரண்டாவது வந்த ரூபெர்லும் லேசுப்பட்டவர் இல்லை. அதே பாரிஸில் 200 மீட்டர் ஃப்ரீஸ்டைலில் மூன்றாம் இடம் பிடித்தவர். நடு ஆறு, ஓர ஆறு என்ற சாதகத்தைக் கழித்தாலும் 9 விநாடியை முழுதாகக் கரைப்பது கடினம். ஆக, முதல் இடம் அவருடையதுதான். நேரத்தில்தான் சென் நதிக்கும் பங்கு உண்டு.

ஹோப்பன்பெர்க் அந்த ஒலிம்பிக்கில் 200 மீட்டர் அணி நீச்சலிலும் ஜெர்மனிக்காக ஜெயித்தார். அவர் பெயர் சர்வதேச நீச்சல் புகழ் மண்டபத்தில் இருக்கிறது. 1937-ல் காலமானார்.

64 வருடம் காணாமல் போன பந்தயம்

பலருக்குத் தெரியாத தகவல் இது. 1900-க்குப் பிறகு ஆண்கள் 200 மீட்டர் பேக்ஸ்ட்ரோக் ஒலிம்பிக்கிலிருந்தே எடுக்கப்பட்டுவிட்டது. 1904-ல் 100 கெஜம் வைத்தார்கள். வால்டர் பிராக் தலைமையில் முதல் மூன்று இடமும் ஜெர்மனிக்கே. 1908-லிருந்து 100 மீட்டர். 200 மீட்டர் திரும்பி வந்தது 1964 டோக்கியோவில்தான். அமெரிக்காவின் ஜெட் கிரேஃப் 2:10.3 நேரத்தில், புது உலக சாதனையோடு அதை வென்றார். அதுவரை 64 வருடம், அந்தப் பந்தயத்தின் ஒரே ஒலிம்பிக் சாம்பியன் என்ற பெயர் ஹோப்பன்பெர்க்கிடமே இருந்தது. 2009-ல் ரோமில் ஆரோன் பியர்சால் இதே தூரத்தை 1:51.92 நேரத்தில் நீந்தினார்.

நடுவில் நடந்த பெரிய மாற்றம் வீரர்களிடம் மட்டும் இல்லை, தண்ணீரிலும்தான். 1908-ல் லண்டனில் சர்வதேச நீச்சல் சம்மேளனம் உருவானது. எந்த நேரத்தை உலக சாதனை என்று ஏற்பது என்பதற்கு ஒரு பொது அமைப்பு வந்தது. 1924-ல் ஒலிம்பிக் மறுபடியும் பாரிஸுக்கு வந்தபோது, நகரம் தன் நதியை நம்பவில்லை. தூரெல் என்ற இடத்தில் 50 மீட்டர் குளம், பாதை பிரிக்கும் கோடுகள். அந்தக் குளத்தில் ஹவாய்த் தீவின் வாரன் கீலோஹா 100 மீட்டர் பேக்ஸ்ட்ரோக்கை 1:13.2 நேரத்தில் ஜெயித்தார். ஒரே ஊர், 24 வருட இடைவெளி. ஆனால் இந்த எண்ணை யாரோடு வேண்டுமானாலும் ஒப்பிடலாம்.

இன்றைய விதிகள் என்ன சொல்கின்றன?

நான்கு நீச்சல் முறைகளில் தண்ணீருக்குள்ளிருந்தே தொடங்குவது பேக்ஸ்ட்ரோக் மட்டும்தான். வீரர் சுவரைப் பார்த்தபடி கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு, கால்களைச் சுவரில் ஊன்றி, பின்பக்கமாகப் பாய்வார். திரும்பும் நேரம் தவிர மற்ற நேரமெல்லாம் மல்லாந்தே இருக்க வேண்டும். குளத்தின் இரண்டு முனைகளிலும் சுவருக்கு 5 மீட்டர் முன்னால் தலைக்கு மேல் கொடித் தோரணம் கட்டியிருக்கும். அதைப் பார்த்ததும் வீரர் தன் கை வீச்சை எண்ண ஆரம்பிப்பார். இல்லையென்றால் தலை சுவரில் மோதும்.

தண்ணீருக்கு அடியிலும் ஒரு கதை உண்டு. 1988 சியோல் ஒலிம்பிக்கில் அமெரிக்காவின் டேவிட் பெர்காஃப் தொடக்கத்திலேயே தண்ணீருக்குள் மூழ்கி, மீன் போல உடம்பை வளைத்து உதைத்து, குளத்தில் பாதிக்கு மேல் போன பிறகுதான் மேலே வந்தார். தகுதிச் சுற்றில் 54.51 விநாடி, உலக சாதனை. இறுதிப் போட்டியில் அதே உத்தியைக் கையில் எடுத்த ஜப்பானின் டைச்சி சுசுகி 55.05 நேரத்தில் அவரை முந்திவிட்டார். "இது நீச்சலா, நீர்மூழ்கியா?" என்ற கேள்வி எழுந்தது. சம்மேளனம் முதலில் 10 மீட்டர் எல்லை போட்டது, 1991-ல் அதை 15 மீட்டராகத் தளர்த்தியது. இன்றும் 15 மீட்டருக்குள் தலை மேலே வந்துவிட வேண்டும். அதே 1991-ல் திரும்பும்போது கையால் சுவரைத் தொட வேண்டும் என்ற கட்டாயமும் போனது. குட்டிக்கரணம் போட்டு காலால் தொட்டால் போதும்.

இந்தியாவுக்கு இதில் என்ன?

1900 பாரிஸில் இந்தியாவின் பெயரில் ஒருவர் இருந்தார். கொல்கத்தாவில் பிறந்த நார்மன் பிரிட்சார்ட். ஆனால் அவர் ஓடியது தரையில். 200 மீட்டர் ஓட்டத்திலும் 200 மீட்டர் தடை ஓட்டத்திலும் இரண்டாம் இடம். அவரை எந்த நாட்டுக் கணக்கில் வைப்பது என்பதில் ஒலிம்பிக் கமிட்டியும் தடகள அமைப்பும் இன்றுவரை ஒத்துப்போகவில்லை. நீச்சலில் இந்தியா பெரிய மேடையில் ஜெயித்தது 1951-ல், டெல்லியில் நடந்த முதல் ஆசிய விளையாட்டில். சச்சின் நாக் 100 மீட்டர் ஃப்ரீஸ்டைலில் தங்கம் வென்றார்.

பேக்ஸ்ட்ரோக் என்றால் இப்போது முதலில் வரும் பெயர் பெங்களூருவின் ஸ்ரீஹரி நட்ராஜ். 2021 ஜூனில் ரோமில் நடந்த போட்டியில் அவர் 100 மீட்டரை 53.77 விநாடியில் நீந்தினார். டோக்கியோ ஒலிம்பிக்குக்கு நேரடியாகத் தகுதி பெற வேண்டிய 'ஏ' நேரம் 53.85. வித்தியாசம் 0.08 விநாடி. சஜன் பிரகாஷுக்கு அடுத்து, ஒலிம்பிக் 'ஏ' நேரத்தைத் தொட்ட இரண்டாவது இந்தியர் ஸ்ரீஹரி. டோக்கியோவில் 54.31 நேரத்துடன் 27-வது இடம். 2022 காமன்வெல்த் விளையாட்டில் 100 மீட்டர் பேக்ஸ்ட்ரோக் இறுதிச் சுற்று வரை போனார். 2024 பாரிஸில் 55.01 நேரம், அரையிறுதி கிடைக்கவில்லை.

அந்த 0.08-ஐ சென் நதிக் கணக்கோடு சேர்த்துப் பாருங்கள். ஸ்ரீஹரி நீந்திய வேகத்தில், ஒரே திசையில் 100 மீட்டர் போகும்போது, தண்ணீர் விநாடிக்கு வெறும் 1 சென்டிமீட்டர் நகர்ந்தாலே ஏறக்குறைய 0.29 விநாடி லாபம் கிடைத்துவிடும். ஒலிம்பிக் டிக்கெட்டைத் தீர்மானித்த இடைவெளியைப் போல மூன்று மடங்குக்கும் மேல். தகுதி நேரத்தை எந்தக் குளத்தில், எந்தப் போட்டியில் எடுத்தால் செல்லும் என்று சம்மேளனம் இவ்வளவு கறாராக இருப்பது இதனால்தான்.

குளத்துக்குள்ளேயும் இந்தச் சந்தேகம் வராமல் இல்லை. 2013 பார்சிலோனா உலக சாம்பியன்ஷிப்புக்குத் தற்காலிகமாக அமைக்கப்பட்ட குளத்தில் ஒரு ஓரப் பாதைகளில் நீந்தியவர்கள் போகும்போது வேகமாகவும் வரும்போது மெதுவாகவும், எதிர் ஓரத்தில் இருந்தவர்கள் தலைகீழாகவும் நேரம் எடுத்ததை அமெரிக்காவின் இந்தியானா பல்கலைக்கழக ஆய்வாளர்கள் காட்டினார்கள். குளத்துக்குள் மெல்லிய சுழல் ஓட்டம் இருந்திருக்கலாம் என்பது அவர்கள் கணிப்பு. போய்த் திரும்பும் பந்தயத்தில் லாபமும் நஷ்டமும் பெரும்பாலும் கழிந்துவிடும். ஒரே ஒரு நீளம் மட்டும் நீந்தும் 50 மீட்டர் பந்தயத்தில் கழியாது. 2016 ரியோ ஒலிம்பிக்கிலும் இதே கேள்வி எழுந்தது.

மறுபடியும் சென் நதியில்

2024-ல் பாரிஸ் தன் நதிக்குத் திரும்பியது. 1923-லிருந்து குளிக்கத் தடை இருந்த சென் நதியைச் சுத்தப்படுத்த சுமார் 140 கோடி யூரோ செலவானது. அப்படியும் ஆண்கள் டிரையத்லான் போட்டியைத் தண்ணீரின் தரம் சரியில்லை என்று ஒரு நாள் தள்ளி வைக்க வேண்டி வந்தது. 10 கிலோமீட்டர் நீச்சலில் ஓட்டம் பலமாக இருந்ததால், எதிர்த்து நீந்த வேண்டிய பாதியில் வீரர்கள் கரைச் சுவரை உரசிக்கொண்டே போனார்கள். நடு ஆறு வேகம், கரையோரம் மெதுவு என்ற பழைய கணக்குதான். ஆனால் இந்த முறை ஓட்டத்தோடு போன தூரத்தை எதிர்த்தும் வர வேண்டியிருந்தது. 2025 ஜூலையில் மூன்று இடங்களில் பொதுமக்கள் குளிக்கவும் நதி திறக்கப்பட்டது.

அருவிக்குப் போகிறவர்கள் கவனத்துக்கு

ஹோப்பன்பெர்க்குக்கு 33 மீட்டர் இலவசமாகக் கொடுக்கக்கூடிய ஓட்டம், குளிக்க இறங்குகிறவரையும் அதே 33 மீட்டர் இழுத்துக்கொண்டு போகும். மழைக்குப் பிறகு மலை ஓடை அதைவிடப் பல மடங்கு வேகமாக ஓடும். விநாடிக்கு ஒரு மீட்டர் ஓட்டத்தில், "ஏய், கையப் புடி" என்று கரையில் இருப்பவர் எட்டிப் பார்ப்பதற்குள் ஆள் பத்து மீட்டர் போயிருப்பார். உலக சுகாதார அமைப்பின் கணக்குப்படி 2021-ல் மட்டும் உலகம் முழுக்கச் சுமார் 3 லட்சம் பேர் நீரில் மூழ்கி இறந்திருக்கிறார்கள்.

ஓட்டத்தில் சிக்கினால் முதலில் தோன்றுவது, வந்த திசைக்கே எதிர்த்து நீந்துவது. பலம் எல்லாம் அதிலேயே போய்விடும். அதற்குப் பதிலாக மல்லாந்துவிட வேண்டும். மூக்கும் வாயும் தண்ணீருக்கு மேலே இருக்கும், மூச்சு கிடைக்கும். கால்களை ஓட்டம் போகும் திசையில் முன்னால் நீட்டி வையுங்கள். பாறை வந்தால் தலைக்குப் பதில் கால் தாங்கும். கைகளைப் பக்கவாட்டில் வீசி, ஓட்டத்தோடு போய்க்கொண்டே கொஞ்சம் கொஞ்சமாகக் கரைப் பக்கம் ஒதுங்க வேண்டும்.

இடுப்பளவு தண்ணீர்தானே என்று வேகமான ஓட்டத்தில் சட்டென்று எழுந்து நிற்காதீர்கள். பாறை இடுக்கில் கால் மாட்டினால் தண்ணீர் ஆளை முன்னுக்குத் தள்ளி அமுக்கிவிடும். அருவி விழும் இடத்துக்கு நேர் அடியில் இந்த மல்லாந்த மிதப்பும் கைகொடுக்காது. அங்கே தண்ணீரில் காற்றுக் குமிழ்கள் நிறைந்திருப்பதால் உடம்பைத் தாங்கும் சக்தி குறைவு. நன்றாக நீந்தத் தெரிந்தவரும் கீழே போவார். அந்த இடத்திலிருந்து தள்ளி, தண்ணீர் கணுக்கால் அளவுக்குக் குறைந்து தெளிந்து ஓடும் இடத்தில் நின்று குளிக்கலாம்.